மேலே பிள்ளையார் சுழி, கீழே காலிக் கட்டம்

அரசு அலுவலகங்களில் டேட்டா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழெட்டுப் பேர், நம் சங்க மலருக்கு என் பணி அனுபவங்களை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். ஏதாவது வெற்றிக் கதை வரும் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பதெல்லாம் பதறிய கதைகள். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவன், பதறியதை மட்டும் வரிசையாக எழுதினால் ஒரு புத்தகம் தேறும். மலர்க்குழு நான்கு பக்கம்தான் தந்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு பதற்றம்.

நான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதார அலுவலகத்துக்கு வந்ததே விபத்து. நியூ ஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கவுண்டியில் அட்டவணை போட ஆள் தேடினார்கள். சம்பளத்தைக் கேட்டதும் என் மனைவி, "மாசத்துக்கா, வாரத்துக்கா?" என்றாள். வருடத்துக்கு என்று நான் பதில் சொல்லவில்லை, ஆனால் ஏறக்குறைய அப்படித்தான்.

இருந்தாலும் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம். சின்ன வயதில் அம்பத்தூரில், ஒரு சான்றிதழில் பச்சை மைக் கையெழுத்து வாங்க என் அப்பா ஒரு அதிகாரியின் வீட்டுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார். பச்சை மை என்றால் கெஜட்டட் அதிகாரி. அதனால் கவுண்டியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு டஜன் பச்சைப் பேனா வாங்கினேன். இந்த ஊரில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. கல்லூரியில் படிக்கும் மகள், "Appa, it's just a pen" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்தப் பச்சைப் பேனா பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்தை நினைத்தால் இப்போதும் மூக்கில் தீய்ந்த காபி வாசனைதான் வருகிறது. இரண்டாம் மாடி, பழுப்புக் கம்பளம், எதை அச்சடித்தாலும் ஓரத்தில் ஒரு கோடு சேர்த்துக் கொடுக்கும் பிரின்டர். அதை ஒரு தட்டுத் தட்டினால்தான் வேலை செய்யும், எங்கே தட்டுவது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு நான் ரொம்பவும் இழந்ததாக நினைப்பது அந்த அதிகாரத்தைத்தான்.

என் மேலாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பெண்மணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாரென்றால் நான் என் கணக்கில் தப்பு எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

என் முதல் பெரிய வேலை ஒரு தாள். ஒரே ஒரு பக்கம். எங்கள் கவுண்டிக்கு ஒரு வேன் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம், மசூதி, கோவில் என்று கார் நிறுத்துமிடங்களில் போய் நின்று இலவசமாக இதயப் பரிசோதனை செய்யும். எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பதும் இ.சி.ஜி. எடுப்பதும் ஐம்பது வயதுக்கு மேலானவர்களுக்கு. ஐம்பதுக்குக் கீழே என்றால், எந்த இனத்தவருக்கு ஆபத்து அதிகம் என்று நர்ஸ் ஒரு தாளைப் பார்ப்பார். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். அதில் 'ஆசியர்' என்று ஒரு வரி. அதற்கு நேரே 'குறைவு'.

சீனர், கொரியர், பிலிப்பினோக்காரர், நாம் எல்லோரும் அந்த ஒரு வரிக்குள்தான். நம் வீட்டு சாம்பாரையும் கொரியர் வீட்டுக் கிம்ச்சியையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதினேன். நம் ஆட்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம் என்பது அந்தக் கலவையில் கரைந்துபோனது. அலுவலகத்தின் பழைய தரவு அப்படித்தான் வந்தது, நானும் அப்படியே போட்டேன். எனக்கு அப்போது ஒரு உறுத்தலும் இல்லை. எழுத்துகள் நேராக நிற்கின்றனவா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முருகேசன். ஈரோட்டுக்காரன், நாற்பத்துநான்கு வயது, மருந்து கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஒல்லி, சைவம், தினமும் நடப்பவன். அவன் பக்கத்தில் நின்றால் எனக்குத்தான் எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான்.

"அண்ணா, கொஞ்சம் கீழ வெச்சுக்கலாங்களா?" என்றான்.

"இதுக்கேவா? என்ன விட சின்னப் பையன் நீ."

"இல்லீங்ண்ணா, தோள் ஒரு மாதிரி இழுக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க." மேசையை மெதுவாக, சத்தம் வராமல் கீழே வைத்தான். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். சாய்ந்தான்.

மாரடைப்பு வந்த நேரத்திலும் அவன் மரியாதையாக இருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? 911-க்குப் போன் செய்து என் வீட்டு முகவரியைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் என் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கும். முருகேசனின் மனைவி கவிதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, பள்ளி முகவரியைச் சொல்லி, எந்த வாசல் என்பதுவரை சொன்னாள். அவன் இன்று உயிரோடு இருப்பதற்கு அவள் காரணம். நான் தொந்தரவு.

இரண்டு ஸ்டென்ட். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கவிதா தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு வாரம் முன்னாடிதான் அண்ணா, கோயிலுக்கு வந்த வேன்ல செக் பண்ணிக்கிட்டாரு. பிளட் டெஸ்ட் எடுக்கறீங்களான்னு நானே கேட்டேன். நர்ஸ் ஒரு பேப்பரைப் பாத்துட்டு உங்களுக்குத் தேவையில்லன்னாங்க. ஃபிரிட்ஜ்ல ஒட்டறதுக்கு ஒரு மேக்னட் குடுத்து அனுப்பிட்டாங்க."

பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பேப்பரின் எழுத்து அளவு உட்பட எனக்குத் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "எல்லாம் சரியாயிடும்மா" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், அவன் சில வாரம் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், "ஆபீசுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முந்திக்கொண்டேன். சில வாரம் என்பது ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. அவன் ஓட்டலாம் என்று ஆன பிறகும் நாங்கள் இருவரும் அதைப் பேச்சில் எடுக்கவில்லை. கவிதா என்னைத் தெய்வம் என்றாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டப்பாவில் ஒப்பிட்டு, அதாவது போளி, வரும். தெய்வம் வாங்கித் தின்னும்.

அந்தக் கார் பயணங்கள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. 287 நெடுஞ்சாலையில் நெரிசல், பழைய பாட்டு, அவனுடைய மருந்து டப்பாவின் கடகட சத்தம். ஈரோட்டுச் சந்தையைப் பற்றி அவன் பேசுவான், நான் சிரிப்பேன். சிரிப்புக்குக் கீழே அந்தத் தாள்.

அந்தக் குற்ற உணர்வில்தான் நான் போராளி ஆனேன். சமூக அக்கறை என்று மேலாளரிடம் சொன்னேன். படிவத்தில் 'ஆசியர்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதில் இந்தியர், சீனர், கொரியர், வியட்நாமியர், இலங்கையர் என்று தனித்தனிக் கட்டம் வேண்டும், வேண்டியவர்கள் தங்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ள ஒரு கோடு வேண்டும் என்று கேட்டேன். ஒரு வருடம் கேட்டேன். படிவங்களை முடிவு செய்யும் கமிட்டியின் தலைவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரே கொள்கை: எந்தப் படிவமும் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நான் ஸ்கேலால் படிவத்தை அளந்தேன். கவுண்டிச் சின்னத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, அந்த இடத்தில் கட்டங்களைச் செருகினேன். கடைசியில் அவர், "சரி, ஆறு மாதம். ஒரு கிளினிக்கிலும் வேனிலும் வைத்துப் பாருங்கள். மக்கள் நிரப்பினால் இருக்கட்டும். நிரப்பாவிட்டால் எடுத்துவிடுவோம், பிறகு இந்தப் பேச்சே கூடாது" என்றார். நான் காரில் போய் உட்கார்ந்து தனியாகக் கைதட்டினேன்.

ஆறு மாதம் முடிந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓட்டெடுப்பு. முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் நான் மொத்தக் கணக்கைத் திறந்தேன். ஏன் அதுவரை திறக்கவில்லை என்று கேட்காதீர்கள். நல்ல செய்தி என்று நிச்சயமாகத் தெரிந்தால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

திரையில் வந்த வரைபடத்தில் ஒரே ஒரு கோபுரம். மற்றதெல்லாம் அதன் காலடியில் புல். அந்தக் கோபுரத்தின் பெயர் 'சொல்ல விரும்பவில்லை'.

முதலில் மென்பொருளைத் திட்டினேன். பிறகு டேட்டா என்ட்ரி செய்த பெண்ணைச் சந்தேகப்பட்டேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன், கோபுரம் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று. பிரின்டரைத் தட்டினேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் அசல் படிவங்கள் இருந்த பெட்டிகளைத் தேடிக் கிடங்கு அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். பெயரும் விலாசமும் வேறு படிவத்தில், தனியாகப் பூட்டி இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரு எண், வயது, இனக் கட்டங்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வெறும் கட்டம், வெறும் கட்டம், கீழே 'சொல்ல விரும்பவில்லை'யில் டிக். இருபது முப்பது தாள் போன பிறகுதான் கண்ணில் பட்டது. தாளின் உச்சியில், நடுவில், கடுகளவுக்கு, ஒரு பிள்ளையார் சுழி.

அடுத்ததிலும் இருந்தது. மூன்று தாள் தள்ளி இன்னொன்று, சுழிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு. ஒன்றில் 786. இரண்டில் பொடியாக ஒரு சிலுவை. டேட்டா என்ட்ரிப் பெண், பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் ஆட்கள்! யாரென்று அரசாங்கத்திடம் மூச்சு விட மாட்டோம். ஆனால் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடாமல் இருப்போம்.

சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் சுழி. அதிலும் 'சொல்ல விரும்பவில்லை'. மை மட்டும் பச்சை.

கிளினிக்கில் கட்டி வைத்திருக்கும் பேனாக்கள் எல்லாம் கறுப்பு. வயதைப் பார்த்தேன், என் வயது. அக்டோபரில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். மதிய உணவு நேரம், அவசரம். என் கட்டம். ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு வருடம் சண்டை போட்டு, நானே செருகிய கட்டம். அதை நானே காலியாக விட்டிருந்தேன்.

எனக்கு நினைவே இல்லை. கை செய்திருக்கிறது. பத்து வருடம் விசாவில் இருந்த கை அது. கேட்டதற்கு மட்டும் பதில், விருப்பமிருந்தால் என்று போட்டிருந்தால் விருப்பமில்லை என்று வக்கீல்கள் பழக்கிய கை. குடியுரிமை வாங்கி எத்தனையோ காலம் ஆகியும் அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பதற்றம் ஒரு யோசனையாக மாறியது. இப்படி மாறும்போதுதான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுழி போட்ட தாள்களைத் தனியாக அடுக்கினேன். இவர்கள் யாரென்று எனக்குத் தெரியுமே? நானே இந்தியர் கட்டத்தில் சேர்த்துவிட்டால் கோபுரம் சரியும், புல் வளரும், கட்டம் பிழைக்கும். அடுக்கைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க, சுழி என்றால் என்ன, யார் போடுவார்கள், என் திட்டம் என்ன என்று எல்லாம் கொட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவர்கள் உங்களிடம் சொன்னார்களா?"

"சொல்லவில்லை. ஆனால் பார்த்தாலே தெரிகிறதே."

"என் அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்து வெள்ளையர் என்று எழுதினார். என் அத்தை இறந்தபோது வேறு ஒருவர் முகத்தைப் பார்த்துக் கறுப்பர் என்று எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எழுதிய இரண்டு பேருக்குமே பார்த்தாலே தெரிந்திருக்கிறது." அடுக்கை என் பக்கம் தள்ளினார். "பார்த்து எழுதுவதை நிறுத்தத்தானே நீங்கள் ஒரு வருடமாகக் கத்தினீர்கள்? இன்றைக்கு மதியம் நீங்களே பார்த்து எழுதப் போகிறீர்களா?"

"அப்படியானால் நாளைக்குத் தோற்றுவிடுவோம்."

"தோற்கலாம். அவர்கள் விருப்பமில்லை என்று டிக் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு பதில்தான். அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு தாளைப் பற்றி மட்டும் தெரியும் என்றேன். பச்சை மைத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு வழக்கம்போல முருகேசனை ஏற்றிக்கொண்டேன். நான் பேசாமல் ஓட்டுவதைப் பார்த்து, "என்னங்ண்ணா, ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்றான்.

கோபுரத்தைச் சொன்னேன். பச்சை மையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அண்ணா, திட்டாதீங்க. நானும் டிக் பண்ணலீங்க" என்றான்.

"என்னது?"

"அந்த கிளினிக்லதான ஃபாலோ அப் போனேன். ஃபார்ம் குடுத்தாங்க. கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குதுங்களா, எதுக்கு வம்புன்னு விட்டுட்டனுங்க. யாரு பாப்பாங்க, எங்க போகும்னு ஒண்ணுமே போடலயே அதுல."

"நான் உனக்காகத்தான்டா அந்தக் கட்டத்தையே வெச்சேன்!" என்று கத்திவிட்டேன்.

"எனக்காகவா? எதுக்குங்ண்ணா எனக்காக?"

முன்னால் பிரேக் விளக்குகள் வரிசையாக எரிந்தன. கார் நின்றது. ஓட வழியில்லாத இடத்தில்தான் நான் உண்மை பேசுவேன். "முருகேசு, அன்னிக்கு வேன்ல நர்ஸ் ஒரு பேப்பரைப் பாத்தாங்களே. உனக்கு டெஸ்ட் வேணாம்னு சொன்ன பேப்பர். அதைப் போட்டது நான்தான்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மருந்து டப்பாவைத் திறந்தான், மூடினான். அரை மைல் இருக்கும், ஊர்ந்தோம்.

"தெரியுமுங்ண்ணா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நர்ஸ் அந்தப் பேப்பரை என் முன்னாடிதான் வெச்சிருந்தாங்க. கீழ, தயாரித்தவர்னு ஒங்க பேரு இருந்துச்சுங்க. நம்ம அண்ணன் போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னுதான் பேசாம எறங்கி வந்தேன்."

"ஒண்ணரை வருஷமா தெரியுமா? ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீங்க ரைடு குடுக்கறத நிறுத்திருவீங்கல்ல?" என்றான். பிறகு, "முதல்ல கோவமாத்தாங்க இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு தெனமும் பாப்பேன். கவிதாகிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கோங்க" என்றான்.

அன்று மாலையே போய்ச் சொன்னேன். கவிதா அழவில்லை, திட்டவில்லை. "நாளைக்கு மீட்டிங் எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை ஒப்பிட்டு வரவில்லை. அதன் பிறகும் பல வெள்ளி வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கமிட்டியைப் பார்த்து "குட் ஈவினிங்" என்று தொடங்கினேன். கோபுரத்தைக் காட்டினேன். அடுத்த படம் என் படிவம், பச்சை மை, காலிக் கட்டம், சுவர் அளவுக்கு.

"இந்தத் தாள் யாருடையது?" என்றார் தலைவர்.

"என்னுடையது."

"கட்டம் வேண்டும் என்று ஒரு வருடம் எங்களைத் தூங்க விடாமல் செய்தவர், கட்டத்தில் டிக் போடவில்லையா?"

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. பிறகு சொன்னேன். "என் கையே அதில் போகவில்லை என்றால் மற்றவர்கள் கை எப்படிப் போகும்? நாம் கேள்வி மட்டும் கேட்டோம். எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டத்தின் தப்பு இல்லை, என் தப்பு. இன்னும் ஆறு மாதம் கொடுங்கள்." அந்த வரிக்கு இடம் எங்கே என்று அவர் கேட்பதற்குள், கவுண்டிச் சின்னத்தை முழுவதும் எடுத்துவிடலாம் என்றேன்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் முருகேசன் எழுந்தான். கவிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈரோட்டு ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினான். "வேனில் என்னை ஆசியனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அப்பா நாற்பத்தொன்பதில் போனார். சித்தப்பா ஐம்பதில் போனார். யாராவது இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்." யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. உட்கார்ந்தான்.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆறு மாதம் கிடைத்தது.

புதிய வரியை எழுதும்போது, 'இதை எவருக்கும் ஒருபோதும் தர மாட்டோம்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். மேலாளர் அதை அடித்தார். "நாம் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. நிஜமாக என்ன செய்கிறோமோ அதை மட்டும் எழுதுங்கள்." கடைசியில் வந்தது இவ்வளவுதான்: இந்தப் பக்கத்தில் உங்கள் பெயர் இல்லை. யாருக்கு எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவு செய்யவே இதைக் கேட்கிறோம். பதில் சொல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

அடுத்த ஞாயிறு கோவில் கார் நிறுத்துமிடத்தில் வேன் நின்றது. படிவம் கொடுக்கும் மேசையில் நான். உள்ளே பூஜை முடிந்து புளியோதரைக்கு வரிசை நின்றவர்களை இந்தப் பக்கம் இழுப்பதுதான் என் வேலை. புளியோதரையோடு போட்டி போடுவது கமிட்டியோடு போட்டி போடுவதைவிடக் கஷ்டம்.

முருகேசன் வந்தான். நின்றுகொண்டே படிவத்தை வாங்கினான். மேலே சின்னதாகச் சுழி போட்டான். புதிய வரியை ஒரு தடவை படித்தான், மறுபடி படித்தான். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

"அண்ணா, இதுல இந்தியன்னு போடறதா, இல்ல கோட்டுல நானே எழுதறதா? எது போட்டா ஒங்க கணக்குக்கு நல்லதுங்க?"

எது நல்லது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

"நீ யாருன்னு நீ எழுது. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். எதிரே கோவில் கோபுரத்தைப் பார்த்தேன், காக்காயைப் பார்த்தேன், யாரோ காரை இரண்டு இடத்தை அடைத்து நிறுத்தியிருந்ததைப் பார்த்தேன். பின்னால் பேனா உரசும் சத்தம் கேட்டது. நான் நினைத்ததைவிட நீளமான சத்தம்.

அந்தக் கட்டம் இன்றும் இருக்கிறது. மெதுவாக நிரம்பியது, முழுவதும் நிரம்பவில்லை. வேனில் நர்ஸ் பார்க்கும் தாளில் 'ஆசியர்' என்ற ஒரு வரி இப்போது பல வரிகளாகப் பிரிந்துவிட்டது. முருகேசன் வயதில், முருகேசன் மாதிரி ஒல்லியாக வருகிறவனிடம் இப்போது கையை நீட்டச் சொல்கிறார்கள். ஒப்பிட்டும் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது, டப்பாவில் முன்பைவிட எண்ணிக்கை குறைவாக. நான் எண்ணினேன், ஆனால் கேட்கவில்லை.

என் கடைசி வேலை நாளில் அந்தத் தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு, உங்களில் ஒருவரின் பெயரைப் போட்டேன். பிரின்டரை எங்கே தட்ட வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தேன். மற்றதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்தப் பெயரை யாரோ படிக்கிறார்கள். நம்ம ஆள் போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, ஒரு வார்த்தை பேசாமல் வேனை விட்டு இறங்கிப் போகிறார்கள்.

முருகேசன் அன்றைக்கு அந்தக் கோட்டில் என்ன எழுதினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்லுவான். நான் கேட்கவில்லை.